கேமரா எங்கே நிற்கிறது? 'சிட்டி ஆஃப் காட்' பற்றிக் கேட்ட தம்பிக்கு

குறும்படம் எடுக்கும் தம்பி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது: "சிட்டி ஆஃப் காட் படத்தைப் பார்த்துவிட்டு அதே பாணியில் இருபது நிமிடத்துக்கு ஒரு கேங்ஸ்டர் கதை எடுத்தோம். முழுக்க ஹேண்ட்ஹெல்ட், அதாவது கேமராவைக் கையில் பிடித்தே எடுத்தது, ஷாட்டுக்கு ஷாட் தாவும் வேக வேகமான கட், கதையை முன்னும் பின்னும் கலைத்துப் போட்டோம். பார்த்தவர்கள் தலை வலிக்கிறது, யார் யாரென்றே புரியவில்லை என்கிறார்கள். அந்தப் படத்தில் கேமரா ஒரு நிமிடம்கூட நிற்பதில்லை, அத்தனை ஆட்கள், அத்தனை வருடக் கதை, ஆனாலும் குழப்பமே இல்லை. என்ன கேமராவில் எடுத்தார்கள்? எடிட்டிங்கில் என்ன முறை?"

கேமரா, முறை என்று கேட்டிருந்தாலும் உங்கள் உண்மையான கேள்வி வேறு என்று நினைக்கிறேன். வேகமாக ஓடும் ஒரு படம் எப்போது புரிகிறது, எப்போது வெறும் இரைச்சலாகிறது? நான் இருபத்திரண்டு வருடமாக எடிட்டிங் மேசையில் உட்கார்ந்திருப்பவன். விளம்பரப் படங்களும் செய்திருக்கிறேன், முழுநீளப் படங்களும் செய்திருக்கிறேன், சில வருடங்கள் மாணவர்களுக்குப் பாடமும் எடுத்தேன். அந்த வகுப்புகளுக்காக இந்தப் படத்தை டைம்லைனில் போட்டு ஷாட் ஷாட்டாகப் பிரித்துப் பார்த்திருக்கிறேன். திரையில் எல்லோருக்கும் தெரிவது எது, என் ஊகம் எது என்று அங்கங்கே பிரித்துச் சொல்கிறேன். எனக்குப் போர்த்துகீசு தெரியாது, சப்டைட்டிலில் பார்ப்பவன். அந்தப் பையன்கள் பேசும் தெருமொழியின் நயம் எனக்கு எட்டாது என்பதையும் மனதில் வைத்துப் படியுங்கள். கதையின் முக்கியமான முடிச்சுகளையெல்லாம் சொல்லப் போகிறேன், இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.

முதலில் ஒன்றைத் திருத்த வேண்டும். அந்தப் படத்தில் கேமரா நிற்பதில்லை என்பது உண்மையல்ல, படம் முடிந்தபின் நம் நினைவு செய்யும் வேலை அது. நிறைய இடங்களில் நிற்கிறது. ஒரு முழுக் காட்சிக்கு இம்மிகூட அசையாமல் நிற்கிறது. அது எங்கே நிற்கிறது, எப்போது நிற்பதை விடுகிறது என்பதில்தான் உங்கள் கேள்விக்கான பதில் இருக்கிறது.

இது பிரேசில் நாட்டுப் படம், 2002-இல் வந்தது. இயக்கியவர் பெர்னாண்டோ மெய்ரெல்லெஸ், இணை இயக்குநர் காட்டியா லுண்ட். ஒளிப்பதிவு உருகுவேக்காரரான சீஸர் சார்லோன், எடிட்டர் டேனியல் ரெசெண்டே, திரைக்கதை ப்ராலியோ மன்டோவானி. மூலம் பாலோ லின்ஸ் 1997-இல் வெளியிட்ட நாவல். லின்ஸ் கதை நடக்கும் குடியிருப்பிலேயே வளர்ந்தவர். ரியோ டி ஜெனீரோவின் மேற்கே, 1960-களில் நகரத்தின் குடிசைப் பகுதிகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்ட ஏழைகளைக் கொண்டுபோய்க் குடிவைத்த இடம் அது. பெயர் மட்டும் 'கடவுளின் நகரம்'. மெய்ரெல்லெஸும் சார்லோனும் விளம்பரப் படங்களில் கைதேர்ந்தவர்கள். ரெசெண்டேவுக்கு இது முதல் முழுநீளப் படம், இதற்காகவே பிரிட்டனின் பாஃப்டா விருது வாங்கினார். 2004 ஆஸ்கரில் இயக்கம், தழுவல் திரைக்கதை, ஒளிப்பதிவு, எடிட்டிங் என்று நான்கு பிரிவுகளில் படம் பரிந்துரைக்கப்பட்டது. நான்குமே கைத்தொழில் திறனுக்கான பிரிவுகள் என்பதைக் கவனியுங்கள்.

தொடக்கத்தை எடுத்துக்கொள்வோம், வேகத்துக்கு உதாரணமாக எல்லோரும் காட்டுவது அதைத்தான். கறுப்புத் திரை. கத்தியைக் கல்லில் தீட்டும் சத்தம். ஒவ்வொரு தீட்டலுக்கும் படம் மின்னி மறைகிறது. பிறகு மேளம், சிரிப்பு, கேரட் நறுக்கும் கை, கொதிக்கும் பானை, நடுவில் காலில் கயிறு கட்டிய ஒரு கோழி. மிகச் சின்னச் சின்னத் துண்டுகள். ஆனால் எதுவும் குழம்பவில்லை. ஏனென்று என் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தபோது, அந்த அடுக்குக்குள் சினிமாவின் அரிச்சுவடிப் பாடம் ஒன்று ஒளிந்திருப்பது தெரிந்தது. கோழி பார்க்கிறது, கத்தி. கோழி மறுபடி பார்க்கிறது, பக்கத்தில் இன்னொரு கோழியை அறுக்கிறார்கள். மறுபடி கோழி, பிய்த்தெடுக்கும் இறகு. பார்க்கிற கண், பார்க்கப்படும் பொருள், மறுபடி அதே கண். ஒரு வார்த்தை பேசாமல் கோழிக்கு என்ன பயம், ஏன் ஓடப்போகிறது என்பதெல்லாம் நமக்குத் தெரிந்துவிடுகிறது. அது கயிற்றை உருவிக்கொண்டு ஓடும்போது நாம் அதன் கட்சியில் இருக்கிறோம். கட் எத்தனை வேகமாக வந்தாலும் அவை அத்தனையும் ஒரே பார்வையோடு கட்டப்பட்டிருக்கின்றன. உங்கள் படத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லக் கூடாது. ஆனால் மாணவர் படங்களில் நான் திரும்பத் திரும்பக் காண்பது, கட் வேகமாக வரும், யார் பார்ப்பது என்ற விஷயம் மட்டும் இருக்காது.

அடுத்தது அந்தச் சுற்று. துப்பாக்கியோடு கோழியைத் துரத்தி வரும் கும்பல் ஒருபுறம். மறுபுறம் கையில் கேமராவோடு நடந்து வரும் ராக்கெட் என்ற இளைஞன், கதையைச் சொல்பவன் அவன்தான். நடுத்தெருவில் கோழி நிற்கிறது. கும்பலின் தலைவன் லிட்டில் ஜீ அதைப் பிடிக்கச் சொல்கிறான். ராக்கெட் முழங்காலை மடக்கிக் கைகளைத் தாழ்த்திக் குனிகிறான். அவன் முதுகுக்குப் பின்னால் போலீஸ் வந்து நிற்கிறது. ஓடினால் பூதம் பிடிக்கும், நின்றால் பூதம் தின்னும் என்ற பிரேசில் பழமொழியை அவன் குரல் சொல்கிறது. நம் இருதலைக்கொள்ளி எறும்புதான். கேமரா அவனைச் சுற்றிச் சுழல்கிறது, சுழன்று முடிக்கும்போது அதே குனிந்த நிலையில் ஒரு சிறுவன், புழுதி மைதானத்தில் கோல் கம்பங்களுக்கு நடுவே பந்துக்குக் காத்திருக்கிறான். 1980-களிலிருந்து 1960-களுக்கு வந்துவிட்டோம். இதை நகலெடுத்தவர்கள் உலகமெங்கும் சுழற்சியைத்தான் நகலெடுத்தார்கள். அந்த இடத்தை ஒட்டவைப்பது சுழற்சி மட்டுமல்ல, அந்த உடம்பு. கோழி பிடிக்கக் குனிந்த உடம்பும் பந்து பிடிக்கக் குனிந்த உடம்பும் ஒன்றாக இருப்பதால் காலம் மாறுவது நமக்கு உறுத்தவில்லை. இருபுறமும் அடி விழக் காத்திருக்க, நடுவில் நிற்பவன் இவன் என்பதையும் அதே ஃப்ரேம் சொல்லிவிடுகிறது.

அந்தச் சுழற்சி முடிந்ததும் படம் அமைதியாகிவிடுகிறது. இதைத்தான் யாரும் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அறுபதுகள் பகுதியைச் சத்தத்தை அணைத்துவிட்டுப் பாருங்கள். செம்மண் நிறமும் பொன் வெயிலும், வரிசை வரிசையாக ஒரே அச்சில் வார்த்த சின்ன வீடுகள், நேர்க்கோடு போட்ட தெருக்கள், நிறைய வானம். கேமரா பெரும்பாலும் நிதானமாக நிற்கிறது, நகர்ந்தாலும் ஒழுங்காக நகர்கிறது. பழைய கௌபாய் படங்களின் ஃப்ரேம் மாதிரி, தூரத்திலிருந்து யார் எந்தப் பக்கம் வருகிறான், எந்தப் பக்கம் ஓடுகிறான் என்று கணக்காகத் தெரிகிறது. குடியிருப்பின் இளம் திருடர்களான மூன்று பையன்கள் கேஸ் வண்டியைக் கொள்ளையடிக்கும் காட்சியில் திருட்டுகூட விளையாட்டு மாதிரி இருக்கிறது, ஊர் ஜனங்கள் ஆளுக்கொரு சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். எழுபதுகளுக்கு வந்ததும் நிறம் கூடுகிறது, பாட்டு, ஆட்டம், கடற்கரை, போதை. கேமரா ட்ரைபாடை விட்டுத் தோளுக்கு ஏறி இஷ்டம்போல் அலைகிறது. எண்பதுகளில் வண்ணம் வடிந்து நீலமும் சாம்பலும் மிஞ்சுகின்றன. ஃப்ரேம் நெருக்கமாகிறது, வானம் காணாமல் போகிறது, யார் எங்கிருந்து சுடுகிறான் என்று நமக்கும் தெரிவதில்லை, அவர்களுக்கும் தெரிவதில்லை.

மூன்று காலத்துக்கு மூன்று விதம் என்பது திட்டமிட்டுச் செய்ததுதான், அதில் சந்தேகமில்லை. படத்தின் பெரும்பகுதியை 16 மி.மீ. ஃபிலிமில் எடுத்து, கணினியில் ஏற்றி நிறத்தைச் சரிசெய்தார்கள். இன்று நாம் டி.ஐ. (டிஜிட்டல் இன்டர்மீடியட்) என்று சர்வசாதாரணமாகச் சொல்வது அன்று புதிது. அதனால்தான் காலத்துக்குக் காலம் நிறத்தை அவ்வளவு துணிந்து மாற்ற முடிந்தது. கேமரா பற்றிக் கேட்டீர்களே, அதற்கான பதில் இவ்வளவுதான். ஆனால் அறுபதுகளின் நிதானம் பார்வையாளனுக்கு ஒரு அளவுகோலைக் கையில் கொடுக்கிறது என்பது என் வாசிப்பு, யாரும் பேட்டியில் சொன்னதல்ல. தெரு எப்படி இருந்தது, வெயில் எப்படி விழுந்தது, நேராக நிற்பது என்றால் என்ன என்று முதலில் காட்டிவிட்டதால், பின்னால் எல்லாம் ஆடும்போது எவ்வளவு கெட்டுப்போயிற்று என்று நாம் அளந்து பார்க்கிறோம். முதல் நொடியிலிருந்தே ஆடுகிற படத்தில் அளக்க எதுவும் இருக்காது.

இனி நான் மிகவும் நேசிக்கும் இடத்துக்கு வருகிறேன். ராக்கெட் கஞ்சா வாங்க ஒரு ஃப்ளாட்டுக்குப் போகிறான். அது பிளாக்கி என்பவன் நடத்தும் இடம். கதவு தட்டப்படுகிறது. நாம் கதவைப் பார்க்கிறோம், படம் திறக்க மறுக்கிறது. அதற்குப் பதில் 'ஃப்ளாட்டின் கதை' என்று எழுத்து வருகிறது. கேமரா அறையின் ஒரு கோடியில் போய் உட்கார்ந்துவிடுகிறது. அதன்பின் அசைவே இல்லை. கணவனை இழந்த ஒரு பெண் மகள்களை வளர்க்க அந்த அறையில் போதைச் சரக்கு விற்க ஆரம்பிக்கிறாள். அவளுக்கு வேண்டப்பட்ட பையன் ஒருவன் அவளையே வெளியேற்றிவிட்டுத் தொழிலைக் கையில் எடுக்கிறான். பிறகு வேறு கை, பிறகு இன்னொரு கை. எல்லாம் டிசால்வ்தான். ஆள் கரைந்து மறைய அதே இடத்தில் இன்னொரு ஆள் தெளிந்து வருகிறான். சுவர் அழுக்காகிறது. வீட்டுச் சாமான்கள் ஒவ்வொன்றாகக் குறைகின்றன. வெளிச்சம் வற்றுகிறது. குடும்பம் நடந்த அறை மெல்ல மெல்லக் குகையாகிறது. ஒரு வட்டாரத்தில் போதை வியாபாரம் எப்படிக் கைமாறி வளர்ந்தது என்ற பல வருட வரலாற்றைச் சில நிமிடத்தில், ஒரே கோணத்தில், ஒரு கட்டுக்கும் கைவைக்காமல் சொல்லி முடிக்கிறார்கள். மனிதர்கள் வருவார்கள் போவார்கள், அறை இருக்கும். கேமராவை நகர்த்தியிருந்தால் நம் கவனம் ஆளின் மேல் போயிருக்கும். நிறுத்தியதால் அறை பாத்திரமாகிவிட்டது. வேகத்துக்குப் பேர்போன படத்தின் மிகச் சுருக்கமான கதைசொல்லல் அதன் அசையாத காட்சியில் நடக்கிறது, தம்பி. இதை எத்தனை தடவை போட்டுக் காட்டினாலும் வகுப்பு ஒரு நிமிடம் பேச்சற்று இருக்கும்.

பிறகு கதவுக்குத் திரும்புகிறோம். இப்போது திறக்கிறது, வந்தவர்கள் உள்ளே நுழைகிறார்கள். 'லிட்டில் டைஸ்' என்று பழைய பெயரில் பிளாக்கி கூப்பிட, வந்தவன் தன் பெயர் இனி லிட்டில் ஜீ என்று சீறுகிறான். அந்த இடத்திலேயே படம் மறுபடி விலகி, 'லிட்டில் ஜீயின் கதை' என்று அவனுடைய சிறுவயதுக்குப் போகிறது. அறுபதுகளில் அந்த மூவரும் ஒரு விடுதியைக் கொள்ளையடித்தபோது நாம் ஒன்றைப் பார்த்திருந்தோம். சின்னப் பையனைக் காவலுக்கு வெளியே நிறுத்திவிட்டுப் போகிறார்கள். அவன் எச்சரிக்கைக்காகச் சுட, எல்லோரும் பதறி ஓடுகிறார்கள். பிறகு விடுதிக்குள் பிணங்கள். யார் கொன்றது என்று படம் சொல்லவில்லை, நாமும் பெரிதாகக் கேட்கவில்லை. இப்போதுதான் தெரிகிறது, அவர்கள் ஓடியபின் உள்ளே போனவன் அந்தக் குழந்தை. சிரித்துக்கொண்டே சுடுகிறான். அந்தச் சிரிப்பிலிருந்து அடுத்தடுத்த வயதுக்குத் தாவித் தாவிப் பெரியவனாகிறான். இதையெல்லாம் காட்டிவிட்டு மறுபடி அதே ஃப்ளாட்டுக்கு வருகிறோம். முதல் தடவை கதவு தட்டியபோது அது வெறும் சத்தம். இப்போது அந்த அறையில் நிற்பது யார் என்று தெரிந்து, ராக்கெட்டுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறோம்.

காலத்தைக் கலைத்துப் போட்டோம் என்று எழுதியிருந்தீர்கள். இவர்கள் கலைத்துப் போடவில்லை என்பதுதான் நான் சொல்ல வருவது. ஒரு முளையை அடித்துவிட்டு, மாட்டைக் கயிறு நீளத்துக்கு மேயவிட்டு, மறுபடி முளைக்கே கொண்டுவருகிறார்கள். கோழி நிற்கும் தெரு ஒரு முளை, படத்தின் கடைசிப் பகுதியில் அங்கே திரும்பி வருகிறோம். ஃப்ளாட்டின் கதவு இன்னொரு முளை. திரும்பி வரும்போது காட்சி அதேதான், ஆனால் நமக்குத் தெரிந்தது கூடியிருக்கிறது. எங்கிருந்து கிளம்பினோம் என்று பார்வையாளனுக்கு நினைவிருக்கும் வரை எத்தனை தூரம் போனாலும் அவன் தொலைந்துபோக மாட்டான். நம் பாட்டிமார் கதை சொல்வது இப்படித்தான். "அந்தக் கதையை அப்புறம் சொல்றேன், இப்ப இவனைப் பாரு" என்பார்கள். ராக்கெட்டின் குரலும் அதையே செய்கிறது. நாக்அவுட் நெட் என்ற பஸ் கண்டக்டரைப் போகிற போக்கில் காட்டிவிட்டு, அவன் கதைக்கு இன்னும் நேரம் வரவில்லை என்று நகர்ந்துவிடும். பெயரும் முகமும் மனதில் ஏறிவிடுகின்றன. வெகுநேரம் கழித்து லிட்டில் ஜீ அவன் வாழ்வைச் சிதைத்து அவனைத் துப்பாக்கி எடுக்கவைக்கும்போது, புதிதாக வந்த ஆளாக அவன் தெரிவதில்லை. நாவலில் ராக்கெட் பலரில் ஒருவன்தான். நூற்றுக்கணக்கான பாத்திரங்கள் கொண்ட அந்தப் புத்தகத்தை ஒரே ஒருவன் நினைத்துப் பார்க்கும் கதையாக மாற்றியது மன்டோவானி எடுத்த முடிவு. படத்தின் மிகப் பெரிய எடிட்டிங் முடிவு அதுதான் என்பேன். அது எடிட்டிங் அறைக்கு வருமுன், எழுதும் மேசையிலேயே எடுக்கப்பட்டுவிட்டது.

வேகமான கட்டை எங்கே செலவழிக்கிறார்கள் என்றும் பாருங்கள். நெட் தன் புதுக் கூட்டாளி கேரட்டிடம் ஒரு நிபந்தனை போடுகிறான், அப்பாவிகளைக் கொல்லக் கூடாது. பிறகு கொள்ளைகள் வரிசையாக வருகின்றன. முதலில் விதி காப்பாற்றப்படுகிறது. அடுத்து நெட்டின் உயிரைக் காக்க விதிக்கு ஒரு விலக்கு. அதற்கடுத்து விலக்கே விதியாகிறது. இதைத் தனித்தனிக் காட்சியாக நின்று சொல்லியிருந்தால் நீதிபோதனை ஆகியிருக்கும். தடதடவென்று ஒரே மூச்சில் கடப்பதால், நல்லவன் ஒருவன் கெட்டுப்போவது எத்தனை சுலபமாக, எத்தனை கவனிக்கப்படாமல் நடக்கிறது என்பதை வேகமே சொல்கிறது. அந்த வேகத்தில் ஒரு சாவை நாமும் கவனிக்கத் தவறுகிறோம். படம் முடியும் தறுவாயில், அந்தச் செத்தவனின் மகன் வந்து நிற்கிறான். நாம் தாண்டிப்போன ஒரு ஷாட்டுக்கான கணக்கு அங்கே தீர்க்கப்படுகிறது.

பென்னியின் பிரிவு விருந்தும் அப்படித்தான். எல்லோருக்கும் பிடித்த பென்னி தொழிலை விட்டுக் காதலியோடு போகப்போகிறான். லிட்டில் ஜீக்கு உலகில் இருக்கும் ஒரே நண்பன் அவன். நடனக் கூடத்தில் வெட்டி வெட்டி மின்னும் ஸ்ட்ரோப் வெளிச்சம். பென்னி ராக்கெட்டுக்கு ஒரு கேமராவைப் பரிசாகக் கொடுக்க, ஜீ அதைப் பிடுங்க, இருவரும் இழுபறி. எங்கிருந்தோ பிளாக்கி ஜீயைக் குறிவைத்துச் சுட, குண்டு பென்னியின் மேல் பாய்கிறது. வெளிச்சம் ஒரு கணம், இருட்டு ஒரு கணம். எடிட்டர் கட் பண்ண வேண்டிய வேலையை அந்த விளக்கே செய்துவிடுகிறது. படம் முழுக்க நமக்கு வந்து பழகிய அந்தத் துண்டு துண்டான தாளம் கதைக்குள் இருக்கும் ஒரு பொருளிலிருந்தே பிறக்கிறது. அதனால் அது பகட்டாகத் தெரிவதில்லை.

ஹேண்ட்ஹெல்ட் பற்றியும் சொல்லியாக வேண்டும். இந்தப் படத்தில் கேமரா ஆடுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது ஷூட்டிங்குக்கு மாதக்கணக்கில் முன்பே தொடங்கியது. நடித்தவர்களில் பெரும்பாலோர் ரியோவின் குடிசைப் பகுதிகளிலிருந்து வந்த பிள்ளைகள். விடிகல் குடியிருப்பில் கூட்டி ஃப்ராகா நடத்திய நாடகக் குழுவின் உதவியோடு பட்டறை நடத்தி அவர்களைத் தயார்செய்தார்கள், நடிப்புப் பயிற்சி ஃபாத்திமா டோலெடோ. கேரட்டாக வரும் மத்தேயுஸ் நாக்டர்காலே மட்டுமே அப்போது பெயர்பெற்ற தொழில்முறை நடிகர். லிட்டில் ஜீயாக மிரட்டும் லியான்ட்ரோ ஃபிர்மினோ அந்தக் குடியிருப்புக்காரர், நண்பனுக்குத் துணையாகத் தேர்வுக்கு வந்தவர். பிள்ளைகள் கையில் திரைக்கதையைக் கொடுக்கவில்லை. இந்தக் காட்சியில் உனக்கு என்ன வேண்டும் என்று மட்டும் சொல்லி, வசனத்தை அவர்கள் வாயிலிருந்தே வரவிட்டு, அதைத் திரைக்கதையில் சேர்த்துக்கொண்டார்கள். சார்லோனும் தனித்தனி ஷாட்டுக்கு லைட் கட்டாமல், முடிந்தவரை முழு இடத்துக்கும் வெளிச்சம் அமைத்தார். யார் எங்கே நகர்வார்கள் என்று முன்கூட்டித் தெரியாது, கேமரா அவர்களைத் தேடிப் போக வேண்டும். அந்தத் தேடல்தான் ஆட்டமாகத் தெரிகிறது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. என்னிடம் வந்த ரஷ், அதாவது எடிட் செய்யாத காட்சிப் பதிவு, எத்தனையோவற்றில் நடிகர் தரையில் ஒட்டிய டேப்பின் மேல் பிசகாமல் நின்று வசனத்தை ஒப்பிப்பார், கேமரா மட்டும் ஆடும். நடிகர் நிற்கும்போது கேமரா ஏன் அலைகிறது என்று பார்ப்பவன் கண்ணுக்குப் புரிவதில்லை. தலைவலி அங்கிருந்து வருகிறது.

இன்னொரு காட்சியையும் பாருங்கள், மனதைத் தயார்செய்துகொண்டு. ரண்ட்ஸ் என்று அழைக்கப்படும் பொடிப்பையன்கள் கடையில் திருடியதற்காக, லிட்டில் ஜீ இருவரைச் சந்தின் மூலையில் மடக்குகிறான். கையில் சுடட்டுமா, காலில் சுடட்டுமா என்று கேட்கிறான். பிறகு கூட்டத்தில் புதிதாகச் சேர்ந்த ஒரு சிறுவனிடம் துப்பாக்கியைக் கொடுத்து, இருவரில் ஒருவனைக் கொல் என்கிறான். இங்கே படம் தன் வித்தைகளையெல்லாம் கீழே வைத்துவிடுகிறது. முகங்களை விட்டுப் போவதில்லை. இருவரில் சின்னவன் குழந்தைகள் அழுவது மாதிரியே அழுகிறான், வாய் கோணுகிறது, மூச்சு திக்குகிறது. நீங்கள் கட் வரும் என்று காத்திருப்பீர்கள், வராது. ஓடிக்கொண்டே இருந்த படம் தப்பிக்க வழி தராமல் நம்மை நிறுத்திவைக்கும் இடம் அது. இருபத்திரண்டு வருடத் தொழிலில், கட் பண்ணாமல் இருப்பதன் வலிமையை இத்தனை வலியோடு எனக்குக் காட்டிய காட்சி வேறில்லை.

உறுதியாகச் சொல்ல முடியாத ஒன்றும் இருக்கிறது, மறைக்காமல் சொல்கிறேன். இத்தனை அழகாக வன்முறையைக் காட்டுவது சரியா? பிரேசிலிலேயே இதைப் பற்றிப் பெரிய சண்டை நடந்தது. அந்த நாட்டு இயக்குநர் கிளாபர் ரோச்சா 1965-இல் 'பசியின் அழகியல்' என்று எழுதியிருந்தார். வறுமையைப் படமெடுப்பவன் அதன் கரடுமுரடோடுதான் எடுக்க வேண்டும் என்ற நிலைப்பாடு அது. அதைத் திருப்பிப் போட்டு, இவானா பென்டெஸ் என்ற ஆய்வாளர் 'பசியின் ஒப்பனை' என்று இந்தப் படத்தை விமர்சித்தார். அந்தக் குடியிருப்பைச் சேர்ந்த எம்.வி. பில் என்ற ராப் பாடகர், படம் எங்கள் மக்கள்மேல் முத்திரை குத்திவிட்டது, அதனால் எங்களுக்கு என்ன நன்மை என்று வெளிப்படையாகக் கேட்டார். நான் தொழில்நுட்பத்தின் பக்கத்திலிருந்து படத்தைப் பார்ப்பவன், அங்கே வாழ்ந்தவரின் கேள்விக்கு என் ரசனை பதிலாகாது. ஆனால் படத்துக்குள்ளேயே இந்தக் கேள்வி இருக்கிறது என்று சொல்வேன். ராக்கெட் கையில் கடைசியில் இரண்டு விதப் படங்கள் இருக்கின்றன, போலீஸ் லிட்டில் ஜீயிடம் பணம் பறிக்கும் படம் ஒன்று, ஜீயின் பிணம் ஒன்று. ஒன்றை வெளியிட்டால் பேரும் ஆபத்தும், மற்றதை வெளியிட்டால் பத்திரிகையில் வேலை. அவன் பிணத்தைத் தேர்ந்தெடுக்கிறான். படமெடுப்பவன் எதைக் காட்டினான், எதைப் பெட்டியில் வைத்துப் பூட்டினான் என்பதையும் கதை மறைக்காமல் வைக்கிறது. அது போதுமா என்பதில் எனக்கு வருடத்துக்கு வருடம் கருத்து மாறிக்கொண்டிருக்கிறது.

உங்கள் குறும்படத்துக்கு வருகிறேன். மறுபடி எடுக்கக் காசில்லை என்று எழுதியிருந்தீர்கள், எடுத்ததை வைத்தே ஒன்று செய்து பார்க்கலாம். முதலில் எல்லாவற்றையும் நடந்த வரிசையில் அடுக்குங்கள். அந்த வரிசையிலேயே கதை புரியவில்லையென்றால் குறை ஃப்ளாஷ்பேக்கில் இல்லை, எழுத்தில் இருக்கிறது. புரிந்தால், திரும்பி வருவதற்கென்று ஒரே ஒரு இடத்தைத் தேர்ந்தெடுங்கள். எல்லோரும் கூடும் இடம் ஏதாவது இருக்கும், ஒரு டீக்கடை, ஒரு மொட்டைமாடி. கதை எங்கே போனாலும் அங்கேயே திரும்பட்டும். முதல் நான்கு நிமிடத்துக்கு உங்களிடம் இருப்பதிலேயே ஆட்டம் குறைந்த ஷாட்களைப் போடுங்கள். ஒளிப்பதிவாளர் டேக்குக்கு முன்னும் பின்னும் கேமராவை ஓடவிட்டிருப்பார், அந்தத் துண்டுகளில் அசையாத நொடிகள் கிடைக்கும். ஒவ்வொரு ஆளும் முதல் தடவை வரும்போது அவன் பெயரை யாராவது ஒருவர் கூப்பிடட்டும், டப்பிங்கில் சேர்த்துக்கொள்ளலாம். வேகமான இடங்களில் ஒவ்வொரு மூன்று கட்டுக்கும் ஒருமுறையாவது பார்க்கிறவனின் முகத்துக்குத் திரும்புங்கள். செய்து முடித்தபின் சத்தத்தை முழுக்க அணைத்து, கதை தெரியாத ஒருவரை உட்காரவைத்துப் போட்டுக் காட்டுங்கள். எந்த இடத்தில் அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கிறார் என்று டைம்கோடை, அதாவது அந்த நிமிடம் நொடியைக் குறித்துக்கொண்டு வந்தால், அந்த இடங்களைச் சேர்ந்து உட்கார்ந்து பார்க்கலாம்.